அமெரிக்க அதிபர் பதவியேற்பு: கொண்டாட நினைக்கும் சாதாரணக் குடிமக்கள் கேட்கும் கேள்விகள்

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். வாஷிங்டனை ஒட்டி மேரிலாந்தில் குடியிருப்பவள் என்பதால், நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் இருக்கும் உறவுக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள், கோயிலில் பழக்கமானவர்கள் எல்லோருக்கும் நான்தான் விசாரணை அலுவலகம். சொன்னதையே திரும்பச் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். யாருக்கு வாக்களிப்பது என்பது இதில் கிடையாது. அடுத்த தேர்தல் 2028 நவம்பர் 7, அடுத்த பதவியேற்பு 2029 ஜனவரி 20.

தேர்தல் இரவே யார் ஜெயித்தார் என்று டிவியில் சொல்லிவிடுகிறார்களே, பிறகு ஜனவரி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

டிவியில் சொல்வது செய்தி நிறுவனங்களின் கணிப்பு. சட்டப்படி நடக்க வேண்டியவை அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. மாநிலங்கள் எண்ணி முடித்துச் சான்றளிக்க வேண்டும். மக்கள் போட்ட வாக்குப்படி மாநிலங்கள் நியமிக்கும் 538 தேர்வாளர்கள் டிசம்பரில் தத்தம் மாநிலத்தில் கூடி வாக்களிப்பார்கள். அதில் 270 கிடைத்தவர் வெற்றி பெற்றவர். ஜனவரி 6 அன்று காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி அந்த வாக்குகளை எண்ணும். ஜனவரி 20 நண்பகலில் பழையவரின் பதவிக்காலம் முடிந்து புதியவருடையது தொடங்கும்.

முன்பெல்லாம் மார்ச் 4 வரை காத்திருந்தார்கள். குதிரை வண்டியில் தலைநகருக்கு வந்து சேர வேண்டிய காலத்து ஏற்பாடு அது. 1933-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 20-ஆவது திருத்தம் அதை ஜனவரி 20-க்கு முன்னே இழுத்தது. 1937-இல் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் இரண்டாவது பதவியேற்புதான் அந்தத் தேதியில் நடந்த முதல் விழா.

அப்படியானால் லட்டு எப்போது கொடுப்பது?

இதைச் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறார்கள். அவசரப்பட்டு நடந்த கூத்துகள் வரலாற்றில் நிறைய. 1948-இல் சிகாகோ டிரிபியூன் 'டியூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்' என்று தலைப்புப் போட்டது. ஜெயித்த ட்ரூமன் அந்தப் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் படம் இன்றும் உலவுகிறது. 2000-இல் ஃபுளோரிடாவை முதலில் ஒருவருக்குக் கொடுத்து, திரும்பப் பெற்று, இன்னொருவருக்குக் கொடுத்து, அதையும் திரும்பப் பெற்றன தொலைக்காட்சிகள். முடிவு டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் வந்தது. 2020-இல் செவ்வாய்க்கிழமை நடந்த தேர்தலுக்குச் சனிக்கிழமைதான் வெற்றியாளர் பெயர் வந்தது.

ஆகவே என் யோசனை: நவம்பரில் வீட்டுக்குள் இனிப்பு, ஜனவரியில் ஊரைக் கூட்டி விருந்து. நவம்பர் மகிழ்ச்சி பாதி நாட்டுக்குத்தான் இருக்கும். ஜனவரி 20 அதிகாரம் கைமாறும் நாள், அது எல்லாருக்கும் பொது. வாக்களித்தவர், எதிர்த்து வாக்களித்தவர், குடியுரிமைக்குக் காத்திருப்பவர் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க அந்த நாள்தான் தோது.

ஜனவரி 20 அரசு விடுமுறையா? பள்ளிக்கூடம் உண்டா?

நாடு முழுவதற்கும் விடுமுறை இல்லை. வாஷிங்டன் நகரிலும் அதை ஒட்டிய மான்ட்கோமரி, பிரின்ஸ் ஜார்ஜஸ், ஆர்லிங்டன், ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிகளிலும், அலெக்சாண்ட்ரியா, ஃபால்ஸ் சர்ச் நகரங்களிலும் வேலை செய்யும் மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டும் விடுமுறை. நகரத்துக்குள் கூட்டம் குறையட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 2025-இல் மார்ட்டின் லூதர் கிங் நாளும் அதே திங்கட்கிழமை வந்ததால் பள்ளிகளுக்கும் விடுமுறை கிடைத்தது. 2029-இல் சனிக்கிழமை.

டிக்கெட் இல்லாமல் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். காங்கிரஸ் கூடும் கேபிடல் கட்டடத்தின் மேற்கு முகப்பில் மேடை போட்டுப் பதவியேற்பு நடக்கும். 1981-இல் ரீகன் காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. அந்த முகப்புக்கு நேர் எதிரே நீள்கிற புல்வெளிதான் நேஷனல் மால். கேபிடலுக்கு அருகிலுள்ள பகுதிகளுக்கு மட்டும் டிக்கெட் வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள மாலில் வழக்கமாக யாரும் நிற்கலாம், பெரிய திரைகளில் பார்க்கலாம்.

தொலைவு எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாலின் நடுவில் நின்றால் அதிபர் உங்கள் கண்ணுக்கு அரிசிமணி அளவுகூடத் தெரிய மாட்டார். பார்ப்பது திரையைத்தான். ஆனால் பிரமாணம் முடிந்ததும் 21 பீரங்கிக் குண்டுகள் முழங்குவது நெஞ்சில் அதிரும். அதைத் தொலைக்காட்சி தராது. முன்பின் தெரியாத பக்கத்து ஆள் உங்கள் கையைக் குலுக்குவதையும் தராது.

2021 விதிவிலக்கு. கொரோனாவும், ஜனவரி 6 அன்று கேபிடல் மீது நடந்த தாக்குதலும் சேர்ந்து நேஷனல் மால் முழுவதையும் மூடவைத்தன. மக்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 2 லட்சம் சிறு கொடிகளை நட்டிருந்தார்கள்.

டிக்கெட் யாரிடம் கேட்பது? இணையத்தில் ஒருவர் விற்கிறாரே, வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். பதவியேற்புக்கான டிக்கெட் இலவசம். உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், ஆக மூன்று அலுவலகங்கள் வழியாகத்தான் பொதுமக்களுக்கு வருகிறது. தேர்தல் முடிந்ததும் மூன்று பேரின் இணையதளங்களிலும் விண்ணப்பியுங்கள். பல அலுவலகங்கள் குலுக்கல் முறையில் கொடுக்கும், சில முதலில் கேட்டவருக்குக் கொடுக்கும். உங்கள் கட்சிக்காரர் இல்லையே என்று தயங்க வேண்டாம். தொகுதியில் குடியிருப்பவர் என்பதுதான் கணக்கு. சொல்லப்போனால் தோற்ற கட்சியின் உறுப்பினரிடம் கேட்பவர் குறைவு, உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

கிடைத்தவர்கள் விழாவுக்கு முந்தைய நாட்களில் அடையாள அட்டையோடு நேரில் போய் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். வெளியூர்க்காரர்கள் இதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் கையில் இருந்தாலும் நேரத்தோடு போனால்தான் இடம். 2009-இல் ஊதா நிற டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் மூன்றாம் தெருச் சுரங்கப்பாதைக்குள் மணிக்கணக்காக நின்று, நுழைவாயில் வரை போகவே முடியாமல், ஒபாமா பேசி முடித்த பிறகு வெளியே வந்தார்கள்.

தபாலில் அழகான அழைப்பிதழ் வந்திருக்கிறது! நேரே போய் உட்கார்ந்துவிடலாம்தானே?

வாழ்த்துகள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். தங்க முத்திரை பதித்த அந்த அழைப்பிதழ் நினைவுப்பொருள். அதைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள். பிரசாரத்துக்குச் சிறு தொகை கொடுத்தவர்கள், தொண்டு செய்தவர்கள் எனப் பலருக்கும் அனுப்புவார்கள். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பி வருபவர்கள் உண்டு என்பதால் இதைத் தனிக் கேள்வியாகவே வைத்திருக்கிறேன்.

எனக்கு எச்-1பி விசாதான். மனைவிக்கு கிரீன் கார்டு. நாங்கள் கொண்டாடினால் பிரச்சினை வருமா?

மாலில் நிற்பவரிடம் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. தொகுதியில் குடியிருப்பவர் என்ற முறையில் நீங்களும் உறுப்பினர் அலுவலகத்தில் டிக்கெட் கேட்டுப் பார்க்கலாம். தாராளமாக வாருங்கள்.

எல்லை இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது வாக்கு. குடியுரிமை பெறும் வரை உங்கள் இருவருக்குமே கிடையாது, தவறுதலாகப் பதிவு செய்தாலும் பிற்காலத்தில் பெரிய தலைவலி. இரண்டாவது பணம். பதவியேற்புக் குழுவுக்கு வெளிநாட்டவர் நன்கொடை தரச் சட்டம் தடை விதிக்கிறது. கிரீன் கார்டு உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை, உங்களுக்கு உண்டு. 200 டாலர் அல்லது அதற்கு மேல் கொடுப்பவர்களின் பெயர்கள் தேர்தல் ஆணையத்தில் பொதுப் பதிவாகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பா அம்மா மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள். அழைத்து வரலாமா அக்கா? ரொம்பக் குளிருமா?

குளிரும். 2009-இல் நண்பகலில் ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி செல்சியஸ். அதுவே சுமாரான ஆண்டு. 1985-இல் மைனஸ் 14. 1961-இல் முந்தைய நாள் பெய்த பனியை இராணுவம் வந்து அள்ளிய பிறகுதான் கென்னடியின் அணிவகுப்பு நடந்தது. 1841-இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் குளிரில் மேலங்கி இல்லாமல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார், ஒரே மாதத்தில் இறந்தார். அந்தப் பேச்சுதான் காரணம் என்று பள்ளிப் புத்தகங்கள் சொன்னதை இன்றைய மருத்துவர்கள் மறுக்கிறார்கள். இருந்தாலும் எங்கள் வீட்டில் குல்லா போட மறுப்பவர்களிடம் ஹாரிசன் கதையைத்தான் சொல்கிறோம்.

சிக்கல் காற்றில் மட்டும் இல்லை, தரையிலும் இருக்கிறது. விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்குப் போய் நின்றால் வெயில் ஏறும்போது உள்ளங்காலில் உணர்வே இருக்காது. காலுக்கு அடியில் தடித்த அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைப் போட்டு நின்றால் பெரிய வித்தியாசம் தெரியும். இரண்டு காலுறை, உள்ளே கம்பளிச் சட்டை, கையில் பிடித்தால் சூடு தரும் சிறு பொட்டலங்கள். நாற்காலிக்கு அனுமதி இல்லை, கழிப்பறை வரிசை நீளம். அறுபதைத் தாண்டி மூட்டுவலி இருக்கும் பெற்றோரை நான் அழைத்து வரச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேறு வழி உண்டு: இரண்டு நாள் கழித்து அழைத்து வாருங்கள். மேடையும் அலங்காரத் துணிகளும் உடனே கழற்றப்படுவதில்லை. கூட்டம் இல்லாமல் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

தயிர்சாதமும் பிளாஸ்கில் காபியும் கொண்டு போகலாமா?

பிளாஸ்க்கைக் கண்டிப்பாக வாங்கி வைத்துவிடுவார்கள், திருப்பித் தரமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் தடைப்பட்டியல் புதிதாக வரும். கேபிடல் வளாகத்துக்கான பட்டியலில் வழக்கமாக இருப்பவை: முதுகுப்பை, குடை, குழந்தைத் தள்ளுவண்டி, மடக்கு நாற்காலி, கண்ணாடிப் பாட்டில், சூடுகாக்கும் குடுவை, குச்சி கட்டிய பதாகை, செல்ஃபி குச்சி. குடை இல்லாததால் தலையோடு மூடும் மழை உடை வேண்டும்.

உணவைச் சட்டைப்பையில் அடங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உருட்டிய சப்பாத்தி. குளிரில் தயிர்சாதத்தைக் கையுறையோடு சாப்பிட முடியாது, கழற்றினால் விரல் விறைக்கும். அதை வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள்.

மாலில் நிற்பதா, அணிவகுப்புப் பாதையில் நிற்பதா?

அதிபரைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பாதை. கேபிடலிலிருந்து வெள்ளை மாளிகை வரை பென்சில்வேனியா அவென்யூ வழியாகப் பிற்பகலில் அணிவகுப்பு நடக்கும். ஓரத்தில் டிக்கெட் தேவைப்படும் படிக்கட்டு இருக்கைகளும் உண்டு, சும்மா நிற்கும் பகுதிகளும் உண்டு. 1977-இல் கார்ட்டர் காரை விட்டு இறங்கி மனைவி, மகளோடு நடந்தே போனார். அதற்குப் பிறகு வந்தவர்களும் கொஞ்ச தூரமாவது இறங்கி நடப்பதுண்டு. எங்கே இறங்குவார் என்று முன்கூட்டியே யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு சோதனைச் சாவடியிலிருந்து வெளியேறி இன்னொன்றில் வரிசை பிடிப்பதற்குள் பொழுது போய்விடும். ஸ்மித்சோனியன், ஆர்க்கைவ்ஸ் போன்ற பக்கத்து மெட்ரோ நிலையங்களை அன்று மூடிவிடுவது வழக்கம். இரண்டு, மூன்று நிலையங்கள் முன்னாலேயே இறங்கி நடக்கத் தயாராக வாருங்கள். கார் வேண்டவே வேண்டாம்.

இரவு நடன விருந்துக்குப் பட்டுப்புடவையில் போகலாமா? டிக்கெட் விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது.

1809-இல் மேடிசன் பதவியேற்றபோது நடந்த முதல் விருந்துக்கு டிக்கெட் 4 டாலர். இப்போது அதிகாரப்பூர்வ விருந்துகளில் பெரும்பாலும் நன்கொடையாளர்களும் அழைக்கப்பட்டவர்களும்தான். அந்த வாரம் நகரம் முழுக்க மாநிலச் சங்கங்களும் தனியாரும் நடத்தும் விருந்துகள் பல உண்டு. அதிபர் வருவார் என்று விளம்பரம் செய்யும் தனியார் விருந்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள், அவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பட்டுப்புடவை அந்த இடத்துக்கு மிகப் பொருத்தம். கோட்டு வைக்கும் இடத்தில் வரிசை நீளும் என்பதால் தோளை மூடச் சால்வை வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை வைத்துப் பார்த்தால், இந்த விழாவில் பார்க்கத் தகுந்தது எல்லாம் இலவசம், விலைக்கு விற்கப்படுவது எல்லாம் சுமார். இதுதான் என் அபிப்பிராயம்.

நான் வாக்களித்தவர் தோற்றுவிட்டார். நான் எதற்குக் கொண்டாட வேண்டும்?

வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், கட்டாயம் ஒன்றும் இல்லை. தோற்ற அதிபர்களே வராமல் இருந்திருக்கிறார்கள். 1801-இல் ஜான் ஆடம்ஸ் விடிவதற்கு முன் ஊரைவிட்டுக் கிளம்பினார். 1829-இல் அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் போகவில்லை. 2021-இல் டிரம்ப் போகவில்லை. இவர்கள் விதிவிலக்குகள். பெரும்பாலானவர்கள் தங்களைத் தோற்கடித்தவர் பிரமாணம் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். குடியுரிமைத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நான் காட்டச் சொல்வது மேடையில் அந்த ஒரு முகத்தைத்தான்.

எதிர்ப்பைக் காட்டுவதும் அந்த வாரத்துக்கு உரியதுதான். 1913-இல் வில்சன் பதவியேற்பதற்கு முந்தைய நாள் வாக்குரிமை கேட்டுப் பெண்கள் இதே பென்சில்வேனியா அவென்யூவில் பேரணி போனார்கள். 2017-இல் டிரம்ப் பதவியேற்ற மறுநாள் பெண்கள் பேரணி நடந்தது. பெரிய கூட்டமாகச் சேர்வதற்குப் பூங்காத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். தனியாக ஒரு அட்டையைப் பிடித்து நிற்பதற்கு வேண்டாம், குச்சி மட்டும் கூடாது.

வீட்டு வாசலில் கொடி ஏற்றினால் குடியிருப்போர் சங்கம் அபராதம் போடுமா?

அமெரிக்கக் கொடியைத் தடுக்க முடியாது. 2006-இல் வந்த மத்தியச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கம்பத்தின் உயரம், இடம் பற்றி நியாயமான விதிகள் மட்டும் அவர்கள் வைக்கலாம். கொடி ஏற்ற உகந்த நாட்கள் என்று கொடிச் சட்டம் சொல்லும் பட்டியலில் ஜனவரி 20-உம் இருக்கிறது. இரவிலும் பறக்கவிட்டால் விளக்கு போட வேண்டும். வேட்பாளர் பெயர் போட்ட கொடிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அலுவலகத்திலும் அப்படியே: பேச்சுரிமைத் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் முதலாளியை இல்லை. வேட்பாளர் பெயர் போட்ட தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

பிரமாணத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால்? 12 மணியைத் தாண்டிவிட்டால் அதுவரை அதிபர் யார்?

இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்கின்றன. 2009-இல் நிகழ்ச்சி கொஞ்சம் இழுத்துப் பிரமாணம் 12 மணியைத் தாண்டியது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்ல, ஒபாமா தயங்கி, அவரும் மாற்றிச் சொன்னார். பதவிக்காலம் நண்பகலில் தானாகவே தொடங்கிவிடும் என்பதை முதல் பதிலில் சொன்னேன். நாற்காலி ஒரு நிமிடமும் காலியாக இல்லை. ஆனால் அதிகாரத்தைப் பயன்படுத்தும் முன் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது, அதன் 35 சொற்களும் அதிலேயே இருக்கின்றன. எவனாவது வழக்குப் போட்டுவிடப் போகிறான் என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் இன்னொரு முறை எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 20 ஞாயிறாக வந்தால் அன்று சிறிய அளவில் பிரமாணம், மறுநாள் மக்கள் முன்னிலையில் மறுபடி பிரமாணம். 2013-இல் அப்படித்தான். அடுத்து 2041-இல் வரும்.

பைபிள் மேல்தான் கை வைக்க வேண்டுமா? ஒரு இந்து அதிபர் வந்தால்?

பைபிள் வழக்கம் மட்டுமே, சட்டத்தில் இல்லை. 1825-இல் ஜான் குவின்சி ஆடம்ஸ் சட்டப் புத்தகத்தின் மேல் கை வைத்தார். 1901-இல் தியோடர் ரூஸ்வெல்ட் எந்தப் புத்தகமும் இல்லாமல் பிரமாணம் எடுத்தார். கடவுள் பெயரும் அந்த 35 சொற்களில் கிடையாது, பிறகு சேர்த்துச் சொல்கிறார்கள். 2013-இல் துளசி கபார்ட் காங்கிரஸ் உறுப்பினராகப் பகவத் கீதையைத் தொட்டுப் பதவியேற்றிருக்கிறார்.

2021-இல் நம் ஆட்கள் ஏதோ கோலம் போட்டார்களாமே?

ஆமாம். அன்று துணை அதிபராகப் பதவியேற்ற கமலா ஹாரிசின் தாய் சியாமளா கோபாலன் தமிழர் என்பதால் வாஷிங்டன் பகுதிக் கலைஞர்கள் சிலர் தொடங்கிய யோசனை. பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடி அட்டைத்துண்டுகளில் கோலம் போட்டு அனுப்பினார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோலமாகப் பரப்ப நினைத்திருந்தார்கள். பாதுகாப்புக் கெடுபிடியால் அது நடக்காமல் காணொளியாக வெளிவந்தது. அதே நாளில் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில், கமலாவின் தாத்தா பி. வி. கோபாலனின் ஊரில், பட்டாசு வெடித்து இனிப்புக் கொடுத்தார்கள். அங்குள்ள கோயிலின் நன்கொடைக் கல்வெட்டில் கமலா ஹாரிஸ் பெயர் இருக்கிறது. நீங்களும் போடலாம், யார் ஜெயித்தாலும். ஜனவரி வாசலில் பொடிக்கோலம் காற்றில் பறந்துவிடும். அட்டையில் வரைந்து கதவில் ஒட்டுங்கள்.

வெள்ளை மாளிகைக்கு அதிரசம் அனுப்பினால் அதிபர் சாப்பிடுவாரா?

மாட்டார். உணவுப் பொருள் எதுவானாலும் பாதுகாப்புச் சோதனையோடு அதன் கதை முடிந்துவிடும். அட்டையோ கடிதமோ எழுதுங்கள், பிள்ளைகள் கையெழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அனுப்புவதைவிட வாங்கி வைப்பது மேல். உங்கள் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம் வழியாக, கேபிடலின் மேல் பறந்த கொடியை நீங்கள் கேட்கும் தேதிச் சான்றிதழோடு வாங்கலாம். குடியுரிமை பெற்ற நாளின் தேதியைக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. பதவியேற்பு நாளில் தபால் துறை போடும் சிறப்பு முத்திரையையும் சேகரிப்பவர்கள் தேடுவார்கள். மறுநாள் காலைச் செய்தித்தாள் எல்லாவற்றையும்விட மலிவு. 2008 தேர்தலுக்கு மறுநாள் பல ஊர்களில் அது காலையிலேயே தீர்ந்துபோய் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டுவிட்டோம். குளிர் என்று உள்ளே மாற்றிவிட்டால் என்ன செய்வது?

1985-இலும் 2025-இலும் அதுதான் நடந்தது. இரண்டு முறையும் கேபிடலின் வட்டக் கூடத்துக்குள் கொஞ்சம் பேர் முன்னிலையில் பிரமாணம் நடந்தது, வெளியே நிற்க டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது நினைவுச் சீட்டாகிவிட்டது. 2025-இல் அறிவிப்பு வந்தது வெள்ளிக்கிழமை, விழா திங்கட்கிழமை. நகரத்தின் விளையாட்டு அரங்கம் ஒன்றில் திரை வைத்து அணிவகுப்பையும் அங்கேயே நடத்தினார்கள். அதற்கும் விடியுமுன்பே வரிசை.

ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். விமானத்தை 18-ஆம் தேதிக்குப் போட்டால் டிக்கெட்டை நேரில் வாங்கவும் வசதி. மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். எங்கள் கோயில் கூடத்தில் பெரிய திரையும் மதியம் சாம்பார் சாதமும் உண்டு, எந்தக் கட்சிக்காரரும் வரலாம்.